பித்தளைப் பாடம் கலவையோடு நின்றுவிடக் கூடாது

பித்தளை ஏன் தூய செம்பைவிடக் கடினமாக இருக்கிறது? படிவம் 4-இல் வேதியியல் படிக்கும் மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை வந்துவிடும். தூய செம்பில் ஒரே அளவுள்ள அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விசை கொடுத்தால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மேல் எளிதாக வழுக்கும். அளவில் வேறுபட்ட துத்தநாக அணுக்கள் இடையில் புகுந்ததும் அந்த ஒழுங்கு குலைகிறது, வழுக்குவது கடினமாகிறது. இரண்டு படம் வரைந்து விளக்கினால் மதிப்பெண் உறுதி.

விடை சரிதான். ஆனால் அது பாதி விடை. 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட ஒரே பித்தளைத் தகட்டிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நன்றாகச் சுத்தியலால் அடியுங்கள். மற்றதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். முதல் துண்டு விறைத்து நிற்கும், மீறி வளைத்தால் முறியும். இரண்டாவது துண்டு கைக்கு அடங்கி வளையும். இரண்டிலும் அணுக்களின் விகிதம் ஒன்றே. கலவைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

உலோகத்தின் குணம் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அது என்ன பாடு பட்டு வந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்த இரண்டாவது பாதி நம் இடைநிலைப்பள்ளி அறிவியலில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் காரணம் சொல்லி மறுங்கள்.

அடித்தால் இறுகும், காய்ச்சினால் இளகும்

உலோகம் என்பது எண்ணற்ற சிறு படிக மணிகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்ட ஒரு திரள். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்த வரிசைகளில் ஆங்காங்கே பிசகு இருக்கிறது. தரையில் விரித்த பெரிய பாயை ஒரே இழுப்பில் நகர்த்துவது கடினம். ஓர் ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டே போனால் பாய் எளிதில் நகர்ந்துவிடும். உலோகம் வளையும்போதும் அணு அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. இத்தகைய மடிப்பு போன்ற பிசகுகள் ஊர்ந்து செல்வதால்தான் அது வளைகிறது.

சுத்தியலால் அடிக்க அடிக்க இந்தப் பிசகுகள் பெருகுகின்றன. பெருகியவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர முடியாமல் நிற்கின்றன. காலை நேரத்து ஜொகூர் பாரு பாலத்து நெரிசலை நினைத்துக்கொள்ளுங்கள்: வண்டிகள் ஏராளம், நகர்வு இல்லை. உலோகம் கடினமாகிவிட்டது. அதற்கு மேலும் அடித்தால் வளைய வழியின்றி விரிசல் விடும்.

இந்த நெரிசலைத் தீர்ப்பது நெருப்பு. சூடேறும்போது அணுக்கள் இடம் மாறும் ஆற்றலைப் பெறுகின்றன. குளிர்நிலையில் நன்றாக அடிபட்ட பித்தளையைச் சில நூறு பாகை செல்சியசுக்குக் கொண்டுசென்றால், சிக்கலான பழைய மணிகளின் இடத்தில் ஒழுங்கான புதிய மணிகள் பிறக்கின்றன. உலோகம் மீண்டும் இளகிவிடுகிறது. இதை அனீலிங் என்பார்கள். தமிழில் காய்ச்சி ஆற்றுதல் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. போதிய கரிமம் கொண்ட எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது மேலும் கடினமாகும். கத்தி, அரிவாள் செய்யும் கொல்லர்கள் செய்வது அதுதான். அதே வேலையைப் பித்தளைக்குச் செய்தால் அது கடினமாவதில்லை. தண்ணீரில் தோய்த்தாலும் காற்றில் ஆறினாலும் மென்மையாகவே இருக்கும். சூடாக்கி விரைவாகக் குளிர்வித்தால் எல்லா உலோகமும் கடினமாகும் என்று நினைப்பவர்களுக்குப் பித்தளை நல்ல பதில்.

அளவும் முக்கியம். சூடு போதவில்லை என்றால் நெரிசல் தீராது. மிதமிஞ்சினால் புதிய மணிகள் ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருத்துவிடும். அதன் பிறகு தகட்டை வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சொரசொரப்பாகும். இன்னும் கூடினால், 907 பாகையில் கொதிக்கும் துத்தநாகம் ஆவியாகி வெளியேறத் தொடங்கும். அந்தப் புகை மூச்சுக்குக் கேடு.

கைகளுக்கு முதலில் தெரிந்தது

பிசகுகளின் ஊர்தல்தான் உலோகத்தை வளைய வைக்கிறது என்ற கோட்பாட்டை 1934-ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவான், பொலான்யி ஆகிய மூவரும் தனித்தனியாக முன்வைத்தார்கள். அவை ஊர்வதை மின்னணு நுண்ணோக்கியில் கண்ணால் கண்டது 1956-இல். ஆனால் அடித்தால் இறுகும், காய்ச்சினால் இளகும் என்ற செய்தி பாத்திரம் தட்டிய கைகளுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் பித்தளைப் பாத்திரம் செய்பவர்களைக் கன்னார் என்பார்கள். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். தட்டையான தகட்டிலிருந்து வயிறு பெருத்த குடம் வரவேண்டுமென்றால் ஒரே மூச்சில் அடித்து முடிக்க முடியாது. சிறிது தட்டி, இறுகியதும் நெருப்பில் காட்டி, மறுபடி தட்ட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதைச் சுத்தியலின் ஓசையும் கையில் தெரியும் எதிர்ப்பும் சொல்லும். எவ்வளவு காய்ச்சுவது என்பதை உலோகத்தின் நிறம் சொல்லும். வெப்பமானி கிடையாது.

பஞ்சாப் மாநிலத்தின் ஜண்டியாலா குரு என்ற ஊரில் தட்டேரா சமூகத்தினர் இதே வேலையைச் செய்கிறார்கள். மண்ணில் புதைத்த சிறு விறகு அடுப்பு, கையால் இயக்கும் துருத்தி, இவற்றைக் கொண்டே சூட்டை அளவாக வைத்துக்கொண்டு தகட்டை வளைக்கிறார்கள். முடிந்ததும் மணலும் புளிக்கரைசலும் கொண்டு துலக்குகிறார்கள். அவர்களுடைய கைத்திறனை யுனெஸ்கோ 2014-இல் மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பண்பாடு என்ற பெயரில் அதைப் போற்றுவது சரியே. ஆனால் அதை அறிவியல் பாடத்துக்கு வெளியே நிறுத்திவைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. அந்த அடுப்பருகே நடப்பது கலை மட்டுமன்று. வெப்பநிலைக் கட்டுப்பாடு, உற்றுநோக்கல், முடிவெடுத்தல் எல்லாம் அங்கே நடக்கின்றன. தொழிற்கல்லூரிக்குப் போகிறவர்களைப் படிப்பு வராதவர்கள் என்று முத்திரை குத்தும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. கைவேலைக்குள் இருக்கும் அறிவியலைப் பாடநூல் காட்டினால் அந்த முத்திரை தானாகவே மங்கும்.

குதிரை லாயத்தில் விரிசல் விட்ட தோட்டாக்கள்

பாதி விடை போதும் என்றிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. அது இந்தியாவில் நடந்தது.

துப்பாக்கித் தோட்டாவின் கூடு பித்தளையால் ஆனது. மேலே சொன்ன 70-க்கு 30 என்ற கலவைக்கே தோட்டாப் பித்தளை என்று ஒரு பெயர் உண்டு. வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தைப் பலமுறை இழுத்து நீட்டி, நீண்ட குழாயாக்குவார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே காய்ச்சி ஆற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிழிந்துவிடும். முடிந்த கூட்டின் அடிப்பகுதி கடினமாகவும் கழுத்து மென்மையாகவும் இருக்க வேண்டும். சுடும்போது கழுத்து விரிந்து வாயுவை அடைத்து, பிறகு சுருங்க வேண்டும் அல்லவா? ஒரே பொருளின் இரு முனைகளுக்கு இரு குணம். கலவை மாறவில்லை, நெருப்பு பட்ட இடம் மட்டும் மாறியது. சில வெளிநாடுகளில் விளையாட்டுக்காகச் சுடுபவர்கள் பயன்படுத்திய கூடுகளை மீண்டும் நிரப்புவதுண்டு. அவர்களும் இதே பிரச்சினையைச் சந்திக்கிறார்கள்: ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கும் கழுத்து இறுகி, கடைசியில் பிளக்கிறது. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே கடுமையான குற்றம் என்பதால் அந்தப் பக்கம் நாம் போகவேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அதிலுள்ள பாடம் மட்டுமே.

19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பதுண்டு. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத, சுடாத தோட்டாக்களின் கூடுகளில் விரிசல் ஓடியிருக்கும். மழைப் பருவத்தில் வந்ததால் பருவ விரிசல் என்ற பெயர் நிலைத்தது. பெயர் கிடைத்ததே தவிர காரணம் தெளிவாகவில்லை. கலவை சரியாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன்?

மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1921-இல் வெளியிட்ட ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. குற்றவாளிகள் இருவர். ஒருவர் வெளியிலிருந்து வந்தவர்: குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, லாயத்தின் ஈரக் காற்றோடு சேர்ந்தது. மற்றவர் உள்ளேயே இருந்தவர்: இழுத்து நீட்டியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம். வெளிப்பார்வைக்கு அமைதியாக இருக்கும் கூடு, உள்ளுக்குள் இழுத்துக் கட்டிய கயிறு போல நின்றது. அம்மோனியா மணிகளின் எல்லைகளை அரிக்க, உள்ளிறுக்கம் அந்தக் கீறலைப் பிளந்தது.

தீர்வு எளிமையானது. கடைசியாக ஒரு முறை, சுமார் 250 முதல் 300 பாகை வரை மிதமாகச் சூடாக்கினால் போதும். உள்ளிறுக்கம் தளரும், அடித்துப் பெற்ற கடினம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இன்றும் பித்தளைப் பொருள்களில் உள்ளிறுக்கம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, அவற்றை அம்மோனியா ஆவியில் வைத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். தூய செம்பு இந்த விரிசலுக்கு அவ்வளவாக ஆளாவதில்லை. துத்தநாகம் சுமார் 15 விழுக்காட்டைத் தாண்டும்போது ஆபத்து கூடுகிறது. அதாவது, பித்தளைக்குக் கடினத்தைக் கொடுத்த அதே துத்தநாகம் இந்தப் பலவீனத்தையும் கொடுக்கிறது. "கலந்தால் கடினம்" என்ற ஒற்றை வரியைப் படித்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

நம் பக்கத்திலேயே அம்மோனியா

இதெல்லாம் எங்கோ பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. நான் இதை எழுதும் பண்டார் தெங்காராவைச் சுற்றிச் செம்பனைதான். செம்பனைக்கு உரம் வேண்டும். அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் நம் தோட்டங்களில் அன்றாடப் பெயர்கள். யூரியா ஈரம் பட்டுச் சிதையும்போது அம்மோனியா வெளிவரும். அம்மோனியம் சல்பேட்டுடன் சாம்பலோ சுண்ணாம்போ கலந்தாலும் அம்மோனியா எழும். அம்மோனியம் உப்பும் காரமும் சேர்ந்தால் என்ன வாயு வரும் என்று நீங்கள் ஆய்வுக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

உங்கள் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருந்தால் அவர்களைக் கேளுங்கள். ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோழிக்கூண்டிலும் அதே நெடிதான்.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். ஊரிலிருந்து கப்பலில் வந்த குடம், திருமணச் சீர்வரிசையில் வந்த தாம்பாளம், பால்குடம் எடுத்த செம்பு. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் வெளியே வரும். மற்ற நாள்களில் வீட்டுக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில், சில வீடுகளில் உர மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் மெல்லிய விரிசல். "பழசாகிவிட்டது" என்று சொல்லிப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

வயதானதால் உலோகம் விரிசல் விடுவதில்லை. ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கீழே விழுந்து நசுங்கிய இடமா? அழுத்தி மடித்த விளிம்பா? பக்கத்தில் என்ன இருந்தது? வார்ப்பில் ஊற்றிச் செய்த கனமான குத்துவிளக்கைவிட, தட்டியும் அழுத்தியும் செய்த மெல்லிய பாத்திரத்தில்தான் உள்ளிறுக்கம் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இவ்வாறு கேட்கத் தெரிந்தால் உங்கள் வீட்டுக் குடமே ஓர் ஆய்வுக் கட்டுரை.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. பித்தளைப் பாத்திரங்களை உரம், கோழிக்கூண்டு, கழிவறைத் துப்புரவுப் பொருள்கள் ஆகியவற்றிலிருந்து தள்ளி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். உலோகத் துலக்கிகள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. வாங்கும்போது குப்பியின் குறிப்பைப் படியுங்கள். புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைப்பது பாட்டியின் முறை. அதில் அமிலம் கறையைக் கரைக்கிறது, அம்மோனியாவுக்கு இடமில்லை. ஆனால் வீட்டுப் பாத்திரத்தை நீங்களே அடுப்பில் வைத்துக் காய்ச்சி ஆற்ற முயலாதீர்கள். உள்ளே பூசிய ஈயம் 232 பாகையிலேயே உருகிவிடும்.

மறுப்பவர்கள் சொல்வது

முதல் மறுப்பு: பாடத்திட்டம் ஏற்கெனவே கனமாக இருக்கிறது, எஸ்பிஎம் தேர்வுக்கு வராததை ஏன் படிக்க வேண்டும்? நியாயமான கவலைதான். ஆனால் நான் கேட்பது புதிய அத்தியாயத்தை அன்று. கலப்புலோகப் பாடத்தின் முடிவில் ஒரு பத்தியும் ஒரு சோதனையும் போதும். மேலும் இது தனியாக நிற்கும் செய்தி இல்லை. செம்பு(II) அயனியைக் கண்டறிய அம்மோனியாக் கரைசலை மிகையாகச் சேர்த்தால் அடர்நீலக் கரைசல் வரும் என்று நீங்கள் மனப்பாடம் செய்கிறீர்கள். அம்மோனியாவுக்குச் செம்பு அயனியின் மீதுள்ள அந்த ஈர்ப்புதான் லாயத்துத் தோட்டாவையும் அரித்தது. இரண்டு அத்தியாயங்களை இணைக்கும் ஒரு பாலம் சுமையைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

இரண்டாவது மறுப்பு: இது எவர்சில்வர் காலம், பித்தளையைப் பற்றி இவ்வளவு பேச்சு தேவையா? தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். உள்ளிருக்கும் திருகுகளும் அடைப்பிதழ்களும் பெரும்பாலும் பித்தளை. சமையல் எரிவாயுக் கலனின் தலைப்பகுதியிலுள்ள அடைப்பிதழும் பித்தளை. மின்செருகியின் மூன்று கால்களும் பித்தளை. இவற்றில் ஒன்று விரிசல் விட்டால் வருவது பாத்திரச் செலவு மட்டுமன்று. எவர்சில்வரும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. அதுவும் அடித்தால் இறுகும்; உள்ளிறுக்கத்தோடு சூடான உப்புநீரில் இருந்தால் அதிலும் விரிசல் விழலாம்.

மூன்றாவது மறுப்பு: பள்ளியில் நெருப்பு வைத்து உலோகத்தைக் காய்ச்சுவது ஆபத்து. இதற்குப் பித்தளையே வேண்டாம். செம்புக் கம்பி போதும். மின்சாமான் கடையில் கிடைக்கும் தடித்த கம்பியை வாங்கி, மேலுறையை முழுவதும் உரித்துவிடுங்கள். உறையை எரிக்கக் கூடாது, அதன் புகை நஞ்சு. கம்பியைப் பென்சிலில் சுற்றி, மீண்டும் நேராக்குங்கள். ஐந்தாறு முறை செய்ததும் கம்பி முரண்டு பிடிப்பது விரலுக்கே தெரியும். இனி ஆசிரியர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இடுக்கியால் பிடித்து, பன்சன் சுடரில் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காட்டித் தண்ணீரில் தோய்த்து எடுங்கள். மறுபடி சுற்றிப் பாருங்கள். கம்பி பழையபடி இளகியிருக்கும். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். செலவும் மிகக் குறைவு.

ஒரே கம்பி, ஒரே தூய செம்பு. ஓர் அணுவும் புதிதாகக் கலக்கவில்லை. ஆனாலும் கடினமாயிற்று, பிறகு மென்மையாயிற்று. இந்தச் சோதனையைச் செய்த மாணவர் கலப்புலோகக் கேள்விக்குப் பாடநூல் விடையை எழுதலாம். ஆனால் அதுவே முழு விடை என்று இனி நம்ப மாட்டார்.

ஆகவே மாணவர்களே, இந்த வாரம் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள். அறிவியல் மன்றம் உள்ள பள்ளிகளில் அடுத்த கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். கலப்புலோகப் பாடத்தை முடிக்கும் நாளில் ஒரு முழம் செம்புக் கம்பியை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். சுற்றி நிமிர்த்துவதை மாணவர்களின் கைகளிலேயே விட்டுவிடுங்கள்.